இலங்கை மலைநாட்டில் பெண்கள் வான் வண்டியிலேயே தங்கிப் பயணம் போவது சரிவருமா?

மலையருவி, பண்டாரவளை

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "படுக்கை போட்ட வானில் ஊர் சுற்றுவதெல்லாம் வெள்ளைக்காரிகளுக்குச் சரி, நம்ம பெண்களுக்கு ஒத்துவராது" என்று எழுதியிருந்தார். பதிலைத் தனி இழையாகவே போடுகிறேன்.

நன்றாக ஒத்துவரும். மாமாவின் பழைய டொல்பின் வானில் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, பெட்டிக் கக்கூஸ் எல்லாம் வைத்தோம். பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் தங்கச்சியும் அதில்தான் கிளம்புகிறோம். வெலிமடை, ஒஹிய, நுவரெலியா, சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணி வரைக்கும் போயிருக்கிறோம்.

ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் லொட்ஜில் அறை கேட்டால் எப்படி இருக்கும் என்று இங்குள்ள பெண்களுக்குத் தெரியும். "கூட யாரும் வரலையா?" என்பதுதான் முதல் கேள்வி. அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். முகவரியில் தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் "ரூம் எல்லாம் ஃபுல்" என்று எங்களைத் திருப்பி அனுப்பிய இடமும் உண்டு. அன்றைக்கு வாசலில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. வானில் ஏறி உள்பக்கம் பூட்டிக்கொண்டால் யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கக்கூஸ் விஷயத்தையும் வெட்கப்படாமல் சொல்கிறேன். ஹட்டனில் பஸ் ஏறிப் பதுளை போகும் பெண் வழியில் எங்கே இறங்குவாள்? முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பயணம் போனவர்கள் நம்ம அம்மாமார். தீட்டு நாட்களில் பயணமே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். எனக்கு அந்த வானில் மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பெட்டிதான் பெரிது.

ஹட்டன் சாரதி

தங்கச்சி, பெண்கள் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் மகளும் வண்டி ஓட்டுகிறாள். எனக்குப் பயம் வண்டியை நினைத்துத்தான்.

ஆள் ஏற்றிப் போகச் செய்த வான் அது. அதற்குள் கட்டில், அலுமாரி, பற்றரி, தண்ணீர் டாங்கி, கேஸ் சிலிண்டர் என்று ஏற்றினால் பாரம் கூடும், அதுவும் உயரத்தில் போய் உட்காரும். தண்ணீர் மட்டும் நூறு லீட்டர் என்றால் நூறு கிலோ. அந்தப் பாரத்தோடு நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கிப் பாருங்கள். அல்லது அப்புத்தளையிலிருந்து பெரகலவுக்கு இறங்குங்கள். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் லைனிங் சூடேறும், பிரேக் ஒயில் கொதிக்கும், பெடல் அடிவரைக்கும் போகும், வண்டி நிற்காது. ரதல்ல குறுக்கு வழியிலும் எல்ல–வெல்லவாய வீதியிலும் என்ன விபத்து நடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். 2025 செப்டெம்பரில் எல்லப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 உயிர் போனது.

வெளிநாட்டு வீடியோக்களில் அகலமான நெடுஞ்சாலையில் பஸ் அளவு வண்டியைப் பெண்கள் ஓட்டுகிறார்கள். இங்கே எதிரில் பஸ் வந்தால், பள்ளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு பின்னுக்கு எடுக்க வேண்டும், அதுவும் மூடுபனியில். இன்னொன்றையும் கேட்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றியதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் ஒரு விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

மலையருவி, பண்டாரவளை

அனுமதி எடுத்துத்தான் ஓட்டுகிறோம் அண்ணே. பாரம் ஏற்றிய பிறகு பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தும் பார்த்தோம். தண்ணீர் இரண்டு கேன்தான், தரையோடு கட்டியிருக்கிறது. பெரிய சிலிண்டர் இல்லை, 2.3 கிலோ சின்னதுதான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று மாமா சொல்லித் தந்ததைத்தான் இன்றைக்கும் செய்கிறோம்.

பிரேக் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 1888இல் உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பயணத்தைப் போனது ஒரு பெண். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களோடு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 106 கிலோமீற்றர். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதில் தோல் அடிக்க வைத்தார். பிரேக் லைனிங் தொடங்கிய கதையே அதுதான்.

லயத்துப் பிள்ளை, தலவாக்கலை

இந்த இழையை வாசிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில். எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஏழு பேர். சமைப்பது, படுப்பது, படிப்பது எல்லாம் அங்கேதான். உடுப்பு மாற்றப் பெட்சீட்டைக் கட்டி மறைப்போம். இருநூறு வருஷமாக இந்த மலையில் உழைத்தும் சொந்தமென்று ஒரு கதவு நமக்கு இல்லை. 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். இன்றைக்கும் 7 பேர்ச் காணிக்கும் தனி வீட்டுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். முகவரி இல்லாமல் கடிதம் வராது. கிராம சேவகரிடம் பதிவு இல்லாமல் வாக்கு இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அலைய வேண்டும். சின்ன இடத்தில் வாழ்வதைச் சுதந்திரம் என்று நம்ம பெண்களிடம் சொல்லும்போது, இந்தக் கஷ்டத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

திரும்பிப் போக வீடு இருப்பவருக்கு வான் நல்ல பயணம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துவிட்டு, "வீடு எதுக்கு அக்கா, வான் ஒன்று வாங்கினால் போதும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

மெல்பன் பேத்தி

அம்மா வழியில் நான் மஸ்கெலியா. இங்கே அவுஸ்திரேலியாவில் என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் கெம்பர்வானில், அதாவது படுக்கை போட்ட வானில், வாழ்ந்தவள். லயத்துப் பிள்ளை சொன்னதில் உண்மை இருக்கிறது. நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு நாட்டைச் சுற்றும் வயதானவர்கள் இங்கே நிறைய. அவர்களில் தனியாகப் போகும் பெண்களும் உண்டு. அமெரிக்காவில் இப்படிப் போகும் பெண்களுக்கென்று 1991இலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூடாரத்தை விரிப்பது, டயர் மாற்றுவது, பின்னுக்கு எடுத்து நிறுத்துவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புருஷன் இறந்தபிறகு முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த அம்மா ஒருவர் என் பக்கத்து இடத்தில் நின்றார். காலையில் எழுந்து டயரில் காற்றுப் பார்ப்பார், பிறகுதான் தேநீர்.

அதே வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொரு பெண்ணும் இருந்தார். வாடகை கட்ட முடியாமல் காருக்குள் தூங்கியவர். கண்ணாடிக்கு உள்ளே பத்திரிகைத் தாள் ஒட்டியிருப்பார். வீடில்லாமல் போகும் வயதான பெண்கள் இந்த நாட்டில் கூடிக்கொண்டே வருகிறார்கள். இரண்டு பேரும் வண்டியில்தான் வாழ்ந்தார்கள், ஆனால் ஒருவருக்குத்தான் திரும்பிப் போக வீடு இருந்தது. வானில் "வாழலாம்" என்று நானும் சொல்ல மாட்டேன். லீவில் போய் வரலாம் என்று மலையருவி சொல்வதை முழுதாக ஆதரிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழும்போது குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். கரிச்சட்டியை உள்ளே வைப்பது அதைவிட ஆபத்து. காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. மூடிய வண்டியில் தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். கம்பளி இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள்.

ஊவாக்காரன்

எல்லாம் சரி, ராத்திரியில் குடித்துவிட்டு ஒருத்தன் வந்து கதவைத் தட்டினால்? நானும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவன். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதையும் யோசிக்க வேண்டும்.

மலையருவி, பண்டாரவளை

பேசுகிறவர்கள் பஸ்ஸில் போனாலும் பேசுகிறார்கள் அண்ணா. கதவைத் தட்டுவதற்குத்தான் பதில் வேண்டும்.

இருட்டும் முன்பே இடம் பிடித்துவிடுவோம். கோவில் முற்றம், தெரிந்தவர் வீட்டு வாசல், ஆள் நடமாட்டம் உள்ள பெற்றோல் செட், எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவோம். தோட்ட ரோடு கம்பனிக்குரியது, அனுமதி இல்லாமல் உள்ளே போவதில்லை. வண்டியின் மூக்கு எப்போதும் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். கட்டிலிலிருந்து சாரதி சீட்டுக்கு வெளியே இறங்காமல் போக வழி விட்டிருக்கிறோம். சாவி அதன் இடத்தில் இருக்கும். யாராவது தட்டினால் கதவைத் திறப்பதே இல்லை, ஸ்டார்ட் போட்டுக் கிளம்பிவிடுவோம். எங்கே நிற்கிறோம் என்று இணையத்தில் போடுவதும் அந்த இடத்தைவிட்டு வந்த பிறகுதான். 119உம், பெண்களுக்கான 1938உம் போனில் முன்னால் இருக்கின்றன.

லயத்துப் பிள்ளை, தலவாக்கலை

சரி அக்கா, அந்தக் கக்கூஸ் பெட்டியை எங்கே கொட்டுகிறீர்கள்?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் லயத்துக்கு மேலே ரோடு, ரோட்டுக்கு மேலே காடு. காட்டுத் தண்ணீர் குழாயில் இறங்கிப் பீலிக்கு வருகிறது. அங்கேதான் குடிக்கக் குடத்தில் பிடிக்கிறோம், அங்கேதான் மலையிலிருந்து இறங்கிய பெண்கள் குறுக்குக்கட்டோடு குளிக்கிறார்கள். போன சீசனில் சுற்றுலா வந்தவர்கள் ரோட்டோர ஓடையில் என்னவெல்லாம் கொட்டிவிட்டுப் போனார்கள் என்று பார்த்தோம். வயிற்றுப்போக்கு வந்தது கீழே இருந்த பிள்ளைகளுக்கு. கொழுந்து எடுக்கும் மலையில் எங்கள் அம்மாமாருக்குக் கக்கூஸே இல்லை, புதர்தான். அப்படிப்பட்ட இடத்துக்குச் சொந்தக் கக்கூஸோடு ஒரு வண்டி வந்து, அதன் அழுக்கையும் எங்கள் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

மலையருவி, பண்டாரவளை

கேட்டது நல்லது தங்கச்சி.

பெட்டியின் அடிப்பகுதி தனியாகக் கழலும், இருபது லீட்டர் பிடிக்கும், இறுக்கமான மூடி. இரண்டு பேருக்கு மூன்று நாளில் நிறையும். வீட்டுக்குக் கொண்டுவந்து மலசலகூடத்தில் ஊற்றிக் கழுவுகிறோம். நீண்ட பயணம் என்றால் வழியில் தெரிந்தவர் வீட்டில் முன்கூட்டியே கேட்டு வைப்போம். கடையில் விற்கும் நீல மருந்தை ஊற்றுவதில்லை. சில மருந்துகளில் போமலின் இருக்கும், அது குழியில் மலத்தை மக்கவைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கேனில் பிடித்துக்கொண்டு வருகிறோம். ஓடைப் பக்கம் ஒரு சொட்டு விடுவதில்லை.

மெல்பன் பேத்தி

இங்கே ஊருக்கு ஊர் இதைக் கொட்டுவதற்கென்றே குழி கட்டி, அருகில் கழுவக் குழாயும் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் கெம்பர்வான் வாடகைக்கு விடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். பிரதேச சபைகள் இதைச் செய்யாமல் வண்டிகளை மட்டும் வரவேற்றால் லயத்துப் பிள்ளை பயப்படுவதுதான் நடக்கும்.

ஹட்டன் சாரதி

மண்சரிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயமே மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் எத்தனை இடம் சரிந்தது, எத்தனை ரோடு அறுந்தது. வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே மழைக்காலத்தில் வண்டி நிறுத்தித் தூங்குவது உயிரோடு விளையாடுவது. இடம் பிடிக்கும்போது வெளிச்சத்தில் இறங்கிப் பாருங்கள். தரையில் வெடிப்பு இருக்கிறதா, மரமோ கரண்ட் போஸ்ட்டோ சாய்ந்திருக்கிறதா, இல்லாத இடத்தில் ஊற்று வந்து கலங்கிய தண்ணீர் ஓடுகிறதா என்று. ஒன்று இருந்தாலும் அங்கே நிற்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்திருந்தால் வீட்டைவிட்டே கிளம்பாதீர்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மே தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை, அப்போது பண்டாரவளை, பதுளை என்று உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். வருஷக் கடைசியில் ஊவாவுக்கு மழை.

லயத்துப் பிள்ளை, தலவாக்கலை

மலையருவி அக்கா செய்கிற விதத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வீட்டைப் பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. காணிப் போராட்டம் நடக்கும் ஊரில் வான் வாழ்க்கையை ஆசையாகக் காட்டும் வீடியோவை நான் பகிர மாட்டேன். அப்புறம், எங்கள் பக்கம் வந்தால் பீலியில் குளிக்கும் பெண்களையும் லயத்து வாசலில் இருக்கும் பிள்ளைகளையும் படம் எடுக்காதீர்கள். பின்னால் பச்சை மலை அழகாகத்தான் இருக்கும், அது எங்கள் குளியலறை.

மலையருவி, பண்டாரவளை

எடுக்க மாட்டோம், கூட வருகிறவர்களையும் எடுக்க விடமாட்டோம். வீட்டு விஷயத்தில் உங்கள் மனுவுக்கு என் கையெழுத்தும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என் அம்மா வீடும் இன்னும் லயம்தான். வானை மட்டும் விடமாட்டேன்.

ஹட்டன் அண்ணே, சித்திரை லீவுக்கு இறம்பொடை வழியாக இறங்க வேண்டியிருக்கிறது. லைனிங் புதிதாகப் போட்டுவிட்டோம், வேறென்ன பார்க்க வேண்டும்?

ஹட்டன் சாரதி

பிரேக் ஒயிலை முழுதாக இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். பழைய ஒயில் ஈரம் இழுத்திருக்கும், சீக்கிரம் கொதிக்கும். பின் டயர் இரண்டையும் பாருங்கள், பாரம் அங்கேதான். கொத்மலையைத் தாண்டும்வரை இரண்டாவது கியருக்கு மேலே போகாதீர்கள், பின்னால் எவன் ஹோர்ன் அடித்தாலும்.