'மேக்கிங்' ஆவணப்படத்துக்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். திரைப்பட வரலாற்றுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு படம் உருவான கதையைச் சொல்லும் 'மேக்கிங்' ஆவணப்படத்துக்குச் சொல் தேடுகிறேன். பெருவின் அமேசான் காட்டில் கப்பலை மலைமீது இழுத்தேற்றி வெர்னர் ஹெர்சாக் படமெடுத்தபோது பட்ட பாட்டை, லெஸ் பிளாங்க் உடனிருந்து பதிவுசெய்த 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' (1982) என்னும் படமே பாடநூலில் வரும் முதல் எடுத்துக்காட்டு.

இலக்கண ஆசிரியர்:
'செய்படம்' என்க. ஊறுகாய் போல வினைத்தொகை. முக்காலமும் அதில் கரந்து நிற்கும். 'அபோகலிப்ஸ் நவ்' படப்பிடிப்பின்போது 1976-77இல் பிலிப்பைன்ஸில் இயக்குநரின் மனைவி எலினோர் கொப்போலா எடுத்துவைத்த காட்சிகள், 1991இல்தான் 'ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' என்னும் படமாயின. எடுத்த காலம் ஒன்று, கோத்த காலம் வேறு என்றிருக்கும் இவ்வகைக்குக் காலம் காட்டாத சொல்லே பொருந்தும்.

படத்தொகுப்பாளர்:
ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செய்யப்படும் படத்தைக் குறிக்குமே தவிர, அதைப் பற்றி எடுக்கப்படும் இன்னொரு படத்தைக் குறிக்காது.

இலக்கண ஆசிரியர்:
'தாழ்குழல் வந்தாள்' என்பதில் 'தாழ்குழல்' கூந்தலை விட்டு அதை உடைய பெண்ணைக் குறிப்பதுபோல, அன்மொழித்தொகையாகக் கொண்டால் குறிக்கும்.

சங்க இலக்கிய ஆர்வலர்:
நெடுநல்வாடை, அணிகலன் துறந்திருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம் கடுப்ப' (ஓவியம் போல) என்கிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் அது. முடியாத நிலையில் ஒரு படத்தைக் காட்டும் படத்துக்குப் 'புனையாப்படம்' என்பதைவிட நெருக்கமான சொல் எங்கே கிடைக்கும்?

மொழிபெயர்ப்பாளர்:
புனைவு என்றால் கற்பனைக் கதை என்றே இன்று வாசகர் கொள்கிறார்கள். 'புனையாப்படம்' எல்லா ஆவணப்படங்களுக்கும் பொதுவாகிவிடும்.

திரைப்பட விரிவுரையாளர்:
'படவாக்கப்படம்' எனலாமா? மகர ஈறு கெட்டு உடம்படுமெய் பெற்ற புணர்ச்சிதான், பிழையில்லை.

படத்தொகுப்பாளர்:
பிழையில்லை, அம்மா; ஆனால் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கையில் முதல் மூன்றெழுத்து வசையாக ஒலிக்கும். 'திரையாக்கம்' நாவலைப் படமாக்குவதற்கு ஆளப்பட்டுவிட்டது. 'படமாக்கம்' என்றால் படப்பிடிப்பு மட்டுமே. வெட்டி ஒட்டுவதும் ஒலி சேர்ப்பதும் வெளியே நின்றுவிடும். ஒரு காட்சி படமாக நிற்பதா விழுவதா என்பது தொகுப்பு மேசையில்தான் முடிவாகிறது. அதை விட்டுவிடும் சொல்லை நான் ஏற்கமாட்டேன். என் வாக்கு 'உருவாக்க ஆவணப்படம்'.

விரிவுரையாளர்:
ஏற்கிறேன். ஆனால் கனடாவின் டாசன் நகரில் 1978இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய படச்சுருள்களைக் கொண்டு பில் மோரிசன் 2016இல் எடுத்த ஆவணப்படம் போன்றவற்றை இதில் சேர்க்கக் கூடாது. அவை 'திரைவரலாற்று ஆவணப்படம்'.

மொழிபெயர்ப்பாளர்:
நால்வர் தனிமடலில் ஆதரவு தெரிவித்திருப்பதால், 'உருவாக்க ஆவணப்படம்' என்றே நூலில் இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'மேக்கிங்' இருக்கும்.

இலக்கண ஆசிரியர்:
இரு சொல் சேர்ந்தது விளக்கமாகுமே அன்றிக் கலைச்சொல் ஆகாது என்பதே இப்போதும் என் கருத்து. பின்னிணைப்பிலுள்ள சொல்லடைவிலேனும் 'செய்படம்' இடம்பெற வேண்டும். இலக்கணக் குறிப்பை நாளைக் காலைக்குள் எழுதி அனுப்புகிறேன்.