அப்பாவின் கணக்கும் கயலின் உபுண்டுவும்

குழு: ஆலமரத்து வீடு

சனி

கயல், இரவு 7:41
மாமா, இருக்கிறீர்களா? திங்கட்கிழமை ஷெல் ஸ்கிரிப்ட் லேப் காட்ட வேண்டும், அதாவது கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி ஓட்டுவது. காலேஜில் எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ், வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ். அதை அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்கிறார்கள் சீனியர்கள்.

அப்பா, 7:42
யார் அழிப்பது? ஆறு வருஷக் கடைக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

அம்மா, 7:43
படிப்புக்குத்தானே கேட்கிறாள். கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்பா, 7:43
பென்டிரைவை நீதான் சட்டையோடு வாஷிங் மெஷினில் போட்டாய்.

சரவணன் அண்ணன், 7:50
அழிக்க வேண்டாம் சித்தப்பா. டிஸ்க்கில் ஒரு பங்கு பிரித்து, விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கும்படி டூயல் பூட் போடலாம்.

அப்பா, 7:51
பங்கு பிரிக்கும் பேச்சே இந்தக் குடும்பத்தில் வேண்டாம்.

கோபி மாமா, 8:05
இப்போதுதான் பார்த்தேன். அத்தான், எதையும் அழிக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாம். டபிள்யூஎஸ்எல் என்று பெயர். மைக்ரோசாஃப்டே கொடுப்பது, காசு கிடையாது. கயலு, பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற. படத்தில் உள்ள வரியை அப்படியே அடி.
[படம்]

கோபி மாமா, 8:06
டபிள்யூஎஸ்எல், ஓர் இடைவெளி, இரண்டு கோடு, இன்ஸ்டால். கோட்டுக்கும் இன்ஸ்டாலுக்கும் நடுவே இடைவெளி விடாதே. முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும்.

கயல், 8:31
ரீஸ்டார்ட் ஆனது. இப்போது 80370102 என்று முடியும் ஒரு எரர்.

கோபி மாமா, 8:33
எதிர்பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. விர்ச்சுவலைசேஷன் என்ற இடத்தில் டிஸேபிள்டு என்று இருக்கும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங்ஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது எஃப்10, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்பா, 8:40
திரை கருப்பாகிவிட்டது. என்ன மாப்பிள்ளை செய்யச் சொன்னாய் அவளை?

கயல், 8:41
அது பயாஸ் அப்பா. தோளுக்குப் பின்னால் நின்று டைப் செய்யாதீர்கள்.

கயல், 8:52
வந்துவிட்டது! யூசர்நேம் கொடுத்தேன். பாஸ்வேர்டு அடித்தால் மட்டும் ஒன்றுமே விழவில்லை. கீபோர்டு போச்சா?

கோபி மாமா, 8:53
விழாது. நட்சத்திரம்கூடக் காட்டாது. அடித்துவிட்டு என்டர் தட்டு. மறந்துவிடாதே, அட்மின் அதிகாரத்துக்குச் சூடோ போடும்போது அதைத்தான் கேட்கும்.

அம்மா, 8:54
சாப்பிட்டுவிட்டுத் தட்டு. தோசை ஆறுகிறது.

சரவணன் அண்ணன், 9:10
மாமா, ஒரு காலத்தில் விண்டோஸில் லினக்ஸ் கருவிகளை ஓட்ட நான் சிக்வின் போட்டிருந்தேன். இதுவும் அதுவும் ஒன்றுதானே?

கோபி மாமா, 9:18
இல்லடா. சிக்வின் 1995-லேயே வந்தது. அதில் ஒவ்வொரு கருவியையும் விண்டோஸுக்கென்று மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2016-இல் வந்த முதல் டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டுவின் கருவிகள் அப்படியே ஓடின, ஆனால் உள்ளே லினக்ஸின் மையமான கெர்னல் கிடையாது. ஃபைலில் சொல் தேடும் கிரெப் என்ற கருவி லினக்ஸ் பாஷையில் ‘இந்த ஃபைலைத் திற’ என்று கேட்கும். நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்துகொண்டு அதை விண்டோஸ் கெர்னலுக்கு மாற்றிச் சொல்வார். அவருக்குத் தெரியாத வார்த்தை வந்தால் கதை முடிந்தது. ஆப்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் அங்கேதான் தடுக்கி விழுந்தது. 2019-இல் அறிவித்த இரண்டாவதில் துபாஷிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்தார்கள். பயாஸில் அனுமதி கேட்டது அதற்குத்தான்.

கயல், 9:41
மாமா, நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டினேன். ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷின் பெயருக்குப் பின்னால் ஒரு தொப்பிக் குறியும் எம் எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சத்தியமாக நான் எம் அடிக்கவே இல்லை.

கோபி மாமா, 9:44
நீ அடிக்கவில்லை, நோட்பேடு வைத்தது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு எழுத்து வைக்கும்: கேரியேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். லினக்ஸுக்கு லைன் ஃபீட் மட்டும் போதும். மிச்சமான ரிட்டர்னையும் பாஷின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டது. அப்படி ஒரு பாஷ் எங்கே இருக்கும்?

பெரியப்பா, 9:46
கேரியேஜ் ரிட்டர்னா? அது எங்கள் தட்டச்சு மெஷின் சமாச்சாரம் அல்லவா!

பெரியப்பா, 9:49
1974-இல் ஹையர் பாஸ் செய்தவன் நான். வரி முடியப்போகிறது என்றால் மணி அடிக்கும். இடது கையால் நெம்புகோலைத் தள்ளினால் உருளை ஒரு வரி சுழலும், கேரியேஜும் வலப்பக்கமாக ஓடி வரி ஆரம்பத்துக்கு வந்துவிடும். ஒரே தள்ளில் இரண்டு வேலை.

கோபி மாமா, 9:51
அதேதான் மாமா. டெலிபிரின்டரில் அந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிக் குறி இருந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, லினக்ஸின் முன்னோடி யூனிக்ஸ் ஒன்றை விட்டுவிட்டது.

கயல், 9:52
பெரியப்பா, உங்கள் மெஷின்தான் என் மார்க்கில் கை வைக்கிறது.

பெரியப்பா, 9:53
நோட்பேடு செய்ததற்கு என் ரெமிங்டனைத் திட்டாதே.

கோபி மாமா, 9:55
முதலில் சாஃப்ட்வேர் பட்டியலைப் புதுப்பிக்க ஆப்ட் அப்டேட், அப்புறம் டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியை இன்ஸ்டால் செய். இரண்டுக்கும் முன்னால் சூடோ.
[படம்]
ஃபைலை அதன் வழியாக ஒருமுறை விட்டு எடு. இனி உள்ளேயே நானோ எடிட்டரில் எழுது. ஃபைலையும் டெஸ்க்டாப்பில் வைக்காமல் உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் வை. எல்லை தாண்டிப் படித்தால் மெதுவாக இருக்கும்.

கயல், 10:02
ஓடிவிட்டது!! 🙏

அப்பா, 10:04
எல்லை என்றால்? என் கணக்கு அதற்குத் தெரியுமா?

கோபி மாமா, 10:06
தெரியும் அத்தான். சி டிரைவ் முழுவதும் உள்ளே எம்என்டி என்ற ஃபோல்டருக்குக் கீழே இருக்கும். கயலு, கவனமாகக் கேள். அங்கே நின்றுகொண்டு ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளையை அடித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போனால் போனதுதான்.

அப்பா, 10:06
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை.

ஞாயிறு

அப்பா, காலை 9:20
கணக்கு திறக்கவே மாட்டேன் என்கிறது. விஎம்மெம் என்று ஏதோ ஒன்று பாதி மெமரியை விழுங்கிக்கொண்டு இருக்கிறது.

கோபி மாமா, 9:31
அது கயலின் லினக்ஸ்தான். விட்டால் மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், 8 ஜிபி லேப்டாப்புக்கு அது அதிகம். நேற்றைய வரியில் இன்ஸ்டாலுக்குப் பதிலாக ஷட்டவுன் என்று அடிக்கச் சொல்லுங்கள். 2 ஜிபியோடு நிறுத்தும்படி செட்டிங்ஸ் ஃபைலும் எழுதிக் கொடுக்கிறேன்.

அப்பா, 9:34
சரி, திறந்துவிட்டது.

கயல், 11:15
அப்பா, தினமும் டெக்ஸ்டாக எடுத்து வைக்கிறீர்களே டே புக், அதை என் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டேன். காப்பிதான், பயப்படாதீர்கள். எந்தப் பெயர் எத்தனை வரியில் வருகிறது என்று கிரெப் நொடியில் எண்ணிவிடுகிறது. யார் பெயராவது சொல்லுங்கள்.

அப்பா, 11:17
மேற்குத் தெரு மேஸ்திரி. கடன் மட்டும்.

கயல், 11:19
மேஸ்திரி வரிகளை எடுத்து, அதற்குள் ‘கடன்’ தேடினேன். 41.

அப்பா, 11:20
38 என்றல்லவா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்!

சரவணன் அண்ணன், 11:21
😂😂

அப்பா, 11:24
அந்த 41 வரியையும் தேதியோடு பிரின்ட் எடுத்து வை. சாயங்காலம் கடைக்கு வருவார்.

அம்மா, 11:25
கணக்கைப் பென்டிரைவில் ஏற்றினீர்களா?

அப்பா, 11:26
புதுசு வாங்கிக்கொண்டு வருகிறேன். சட்டைப் பையில் வைக்க மாட்டேன்.