பாட்டிலேயே பாதி வகுப்பு போகிறது, வயலின் டீச்சரை மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம், குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 9 வயது, கர்நாடக வயலின் தொடங்கி 5 மாதம் ஆகிறது. டீச்சர் தன் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார், அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் பி-ஹை கிரேடு, கச்சேரிகளில் பக்கவாத்தியமும் வாசிக்கிறார். ஆனால் வகுப்பில் பாதி நேரம் தாளம் போட்டுப் பாடுவதுதான். சுருதி சேர்ந்தால்தான் வில்லை எடுக்க விடுகிறார். ஆரம்பப் பாடமான சரளி வரிசையே இன்னும் முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் மேற்கத்திய வயலினில் அதற்குள் முதல் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறான். ஒப்பிடக் கூடாதுதான், மனசு கேட்கவில்லை.

பதில் 1:
மாற்றாதீர்கள் அம்மா. வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் உண்டு, வயலினில் இல்லை, விரல் எங்கே விழ வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். அதிலும் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ஸ) ஒட்டியே இருக்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் அபஸ்வரம். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் வாசிப்பைப் பாடுவது போலவே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதை நினைத்துப் பாருங்கள். என் முதல் வாத்தியார் என்னை ஒரு நாளும் பாட வைத்ததில்லை, ஒரே வருடத்தில், வரிசைகளுக்கெல்லாம் பிறகு வரும் வர்ணம் வந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்தவரிடம் போனபோது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, எதுவும் நிற்கவில்லை என்று திரும்ப சரளியில் உட்கார வைத்தார், அதைச் சரிசெய்யவே 2 வருடம் ஆனது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் குழந்தைக்கு வீட்டில் வாசித்துக் காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா, ஒரு நோட்டுஸ்வரம் சொல்லித்தர முடியுமா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு எழுதியவை, சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் அதிகம் இல்லை, சின்ன விரல்களுக்கு வசப்படும். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த பாலுசுவாமி அவருடைய தம்பிதான். அப்புறம், டீச்சர் வில்லைக் கவனிக்கிறாரா? ஒரு ஸ்வரத்தை முழு வில்லில் நடுங்காமல் இழுக்க வைத்தால் நல்ல கை என்று நம்பலாம்.

பதில் 3:
வயலின் என்ன சைஸ்? இந்த வயதில் பெரும்பாலும் அரை அல்லது முக்கால்தான் சரிவரும். முழு சைஸ் என்றால் ரி-யிலிருந்து க-வுக்கு விரல் எட்டாது, அந்த இடைவெளி அகலம், காந்தாரம் (க) இறங்கியே ஒலிக்கும், எத்தனை மாதம் ஆனாலும் வரிசை முடியாது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அது அவள் சித்தப்பாவின் பழைய வயலின், முழு சைஸ்தான். காந்தாரம் வரும்போதெல்லாம் அவள் தோளைத் தூக்குகிறாள், டீச்சரும் இரண்டு முறை சின்னது வாங்கச் சொன்னார், வளர்ந்துவிடுவாளே என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு அரை சைஸ் பார்க்கப் போகிறோம். நோட்டுஸ்வரம் பற்றியும் டீச்சரிடம் அன்றே கேட்கிறேன்.