தன்னைத் தானே மதிக்கக் கற்றுத்தரும் படக்கதை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
என் மகளுக்கு நான்கு வயது. படம் வரைந்து முடித்ததும், "நல்லாவே இல்லை" என்று தானே கிழித்துப் போட்டுவிடுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் "நீ அற்புதமானவள்" என்று சொல்லும் படக்கதைப் புத்தகங்கள் இத்தகைய குழந்தைக்கு உண்மையில் பயன்படுமா?

மறுமொழி 1:
வெறும் புகழ்ச்சி போதாது என்றே நினைக்கிறேன். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, தோல்விக்குப் பிறகு எளிதில் ஊக்கம் இழந்தார்கள். அவர்கள் உங்கள் மகளைவிடப் பெரியவர்கள்தாம். ஆனாலும் கதையைத் தேர்ந்தெடுக்க இது உதவும். தடுமாறி, வருந்தி, மறுபடி முயலும் பாத்திரத்தைத் தேடுங்கள். கடைசிப் பக்கத்தில் பரிசு வென்ற பிறகே எல்லோரும் அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்வதாக இருந்தால், அந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வென்றால்தான் மதிப்பு என்பதையே குழந்தை எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். படங்களையும் கவனியுங்கள். "அது வருந்தியது" என்று எழுத்து சொல்லாமல், பெரிய வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் சின்ன உருவம் சொல்ல வேண்டும். குழந்தை விரலை அதன்மேல் வைத்து, "ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்கும்போது, கதையை முடிக்கும் அவசரமின்றி அங்கேயே நின்று பேசுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இனி கடைசிப் பக்கத்தை முதலில் படித்துப் பார்த்தே வாங்குவேன்.