ஜுஜுட்சு: ‘ஸ்டேட்டஸ்’ பார்த்ததற்கே .என்வி கோப்பு கமிட்டுக்குள் போய்விட்டது, உதவுங்கள்

கேட்டவர்:
நிரலில் செய்யும் மாற்றங்களைக் ‘கமிட்’ என்ற பதிவுகளாகச் சேமிக்கும் கிட் கருவியை ஏழு வருடமாகப் பயன்படுத்துகிறேன். போன வாரம் வேலை செய்யும் ரெப்போவில் (கிட் கவனிக்கும் நிரல் கோப்புறை) ‘ஜேஜே கிட் இனிட் --கோலோகேட்’ அடித்து, கிட்டோடு சேர்ந்து ஓடும் ஜுஜுட்சு என்ற கருவியை முயன்றேன்; அதன் கட்டளைப் பெயர்தான் ‘ஜேஜே’. நேற்று ‘ஜேஜே ஸ்டேட்டஸ்’ போட்டால், டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் .என்வி கோப்புக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்தது என்ற அடையாளம். கமிட்டில் சேர்க்கச் சொல்லி நான் எதையும் ‘ஆட்’ செய்யவே இல்லை, ஸ்டேட்டஸ்தானே பார்த்தேன்? இன்னும் புஷ் செய்யவில்லை, அதாவது சர்வருக்கு அனுப்பவில்லை.

அதோடு, ‘கிட் ஸ்டேட்டஸ்’ போட்டால் ஹெட் (நான் இப்போது நிற்கும் இடம்) எந்தப் பிராஞ்சிலும், அதாவது பெயரிட்ட எந்தக் கமிட் வரிசையிலும், இல்லை என்கிறது. முந்தாநாள் சோதனைக்காக வேறொரு ரெப்போவில் புஷ் செய்து பார்த்தேன், அனுப்ப ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1:
தவறு எதுவும் இல்லை, பழக்கம்தான் காலை வாருகிறது. கிட்டில் .என்வி கோப்பை இத்தனை நாள் காப்பாற்றியது நீங்கள் அதை ‘ஆட்’ செய்யாமல் விட்டது மட்டுமே. கவனிக்காமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் அது இருந்திருக்காது, சரிதானே? ஜுஜுட்சுவில் ‘ஆட்’ என்ற படியே கிடையாது. நீங்கள் வேலை செய்யும் கோப்புறையே ஒரு கமிட். கிட்டத்தட்ட எந்த ஜேஜே கட்டளை அடித்தாலும், வெறும் ஸ்டேட்டஸ் ஆனாலும், அது முதலில் கோப்புறையை அப்படியே படம் பிடித்து அந்தக் கமிட்டில் வைத்துவிடும். இக்னோர் பட்டியலில் இருப்பதை மட்டும் விட்டுவிடும். புதுக் கோப்பு சுமார் 1 மெகாபைட்டைத் தாண்டினாலும் இயல்பாகச் சேர்க்காது, அதனால் டேட்டாபேஸ் டம்ப் தப்பிக்கும். உங்கள் .என்வி இரண்டு வரி, தப்பவில்லை.

செய்ய வேண்டியது: கிட்இக்னோரில் அந்தப் பெயரைச் சேருங்கள், பிறகு கோப்பைக் கமிட்டிலிருந்து விலக்கும் ‘ஜேஜே ஃபைல் அன்ட்ராக் .என்வி’. வரிசை முக்கியம். இக்னோரில் இல்லாத கோப்பை அன்ட்ராக் செய்ய அது ஒப்புக்கொள்ளாது. கோப்பு வட்டில் அப்படியே இருக்கும்.

ஹெட் விஷயத்தை மறந்துவிடுங்கள். ஜுஜுட்சுவுக்கு ‘இப்போது நிற்கும் பிராஞ்ச்’ என்ற கருத்தே இல்லை, அதனால் கிட் அப்படித்தான் பார்க்கும். புஷ் போகாததற்கும் காரணம் அதேதான். பிராஞ்சுக்கு இங்கே புக்மார்க் என்று பெயர், புதுக் கமிட் வந்தால் அது தானாக நகராது. புதுக் கமிட் தொடங்கும் ‘ஜேஜே நியூ’ அடித்த பிறகு @ (இப்போது நிற்கும் கமிட்) என்பது காலிக் கமிட், உங்கள் வேலை @- இல் (அதற்கு முந்தையதில்) இருக்கும். ‘ஜேஜே புக்மார்க் மூவ் மெயின் --டு @-’, அப்புறம் ‘ஜேஜே கிட் புஷ்’. எனக்கும் இது இன்னும் எரிச்சல்தான்.

பதில் 2:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், அதாவது கிட் ஹூக், வைத்திருந்தால் அது ஜுஜுட்சுவில் ஓடாது. கடவுச்சொல் தேடும் ஸ்கிரிப்டை அங்கே வைத்திருப்பவர்கள் கவனம். ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றை வைக்கும் சப்மாட்யூல் ஆதரவும் இல்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஆனால் சிக்கல் கொஞ்சம் ஆழம். நடுவில் இரண்டு தடவை ‘ஜேஜே நியூ’ அடித்திருக்கிறேன். .என்வி நுழைந்தது இரண்டு கமிட்டுக்கு முன்னால். இப்போது மேலே நின்று அன்ட்ராக் செய்தால் பழையதில் இருக்குமே?

பதில் 1:
இருக்கும். நல்ல வேளை, செய்வதற்கு முன் கேட்டீர்கள். முதலில் .என்வியை ரெப்போவுக்கு வெளியே ஒரு நகல் எடுங்கள். பிறகு ‘ஜேஜே லாக்’ பாருங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு அடையாளம் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலத்தின் கே முதல் இசட் வரையிலான எழுத்துகளால் ஆனது மாற்ற எண். கமிட்டை எத்தனை தடவை திருத்தினாலும் அது மாறாது. வலப்பக்கம் இருப்பது கிட் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்), திருத்தினால் மாறிவிடும். .என்வி நுழைந்த கமிட்டின் மாற்ற எண்ணில் முதல் சில எழுத்தை வைத்து ‘ஜேஜே எடிட்’ செய்யுங்கள். அங்கே நின்று இக்னோர் வரி, அன்ட்ராக் இரண்டும். மேலே உள்ள இரண்டு கமிட்டும் தானாக ரீபேஸ் ஆகிவிடும், அதாவது திருத்திய கமிட்டின் மேல் மறுபடி அடுக்கப்படும். அவற்றில் .என்வியையோ கிட்இக்னோரையோ மாற்றியிருந்தால் மோதல் வரலாம். மோதல் வந்தாலும் கிட் போல நடுவழியில் நிற்காது, கமிட்டுக்குள்ளேயே மோதலைக் குறித்து வைக்கும், ஓய்வாகத் தீர்க்கலாம். முடித்ததும் மேல் கமிட்டுக்கு மறுபடி ‘எடிட்’.

பழைய படங்கள் உங்கள் கணினியில் ஆபரேஷன் பதிவில் கிடக்கும், ‘ஜேஜே ஆப் லாக்’ போட்டால் தெரியும். புஷ் அவற்றை அனுப்பாது. குழப்பிவிட்டால் ‘ஜேஜே அன்டூ’. புஷ் ஆகியிருந்தால் மட்டும் இந்த வைத்தியமெல்லாம் பத்தாது, கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியதுதான்.

பதில் 3:
கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்கூரியலில் இருந்து வந்தவனுக்கு இதெல்லாம் பழைய வாசனை. ஜுஜுட்சுவைத் தொடங்கிய மார்ட்டின் ஃபான் ஸ்வைக்பெர்க் அங்கேயும் பங்களித்தவர். 2019 இறுதியில் பொழுதுபோக்காக ரஸ்ட் மொழியில் எழுத ஆரம்பித்தார். உள்ளே சேமிப்பது கிட்தான், ஆகவே கேட்டவரின் சக ஊழியர்கள் எதையும் நிறுவ வேண்டாம். ஒரே ரெப்போவில் கிட் கொண்டு ரீபேஸ், ஜேஜே கொண்டு ரீபேஸ் என்று மாற்றி மாற்றிச் செய்யாதீர்கள், ஒரே மாற்ற எண்ணுக்கு இரண்டு கமிட் முளைக்கும்.

கேட்டவர்:
எடிட், இக்னோர், அன்ட்ராக் மூன்றும் செய்தேன், லாக்கில் .என்வி எங்கும் இல்லை. புக்மார்க்கையும் நகர்த்தினேன். இப்போது புஷ் வேறு காரணம் சொல்லி மறுக்கிறது: ஒரு கமிட்டுக்கு விளக்கமே இல்லையாம்.

பதில் 1:
அந்தக் கமிட்டில் செய்தி எழுதாமலே ‘நியூ’ அடித்திருப்பீர்கள். ‘ஜேஜே டிஸ்கிரைப்’ போட்டு மாற்ற எண்ணைக் கொடுங்கள், எடிட்டர் திறக்கும், ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். மறுபடி புஷ்.

கேட்டவர்:
போய்விட்டது.