சிறையில் இருக்கும் பெண்களுக்குப் பாட்டும் கூத்தும் எதற்கு?

கெடிலக்கரை:
கடலூரில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு யோசனை. சிறைத்துறையிடம் அனுமதி வாங்கி, பெண் கைதிகளுக்கு வாரம் ஒரு நாள் பாட்டு, கூத்து, ஓவியம் நடத்தலாமா என்று. வட்டத்திலேயே பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் வேண்டும் என்கிற கட்சி. கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் 2007 முதல் கைதிகளோடு நாட்டிய நாடகம் போடுகிறார். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் நாடகக் கலைஞர் ரோடெசா ஜோன்ஸ் 1989-ல் சிறைப் பெண்களை வைத்தே நாடகம் தொடங்கினார். இங்கிலாந்தின் கிளீன் பிரேக் நாடகக் குழுவை 1979-ல் ஆரம்பித்தவர்களே சிறையில் இருந்த இரண்டு பெண்கள்தான். சிறைக்கு வருவதற்கு முன்பே அடியும் வன்முறையும் பட்ட பெண்கள் உள்ளே நிறைய இருக்கிறார்கள். பெண் கைதிகளை நடத்துவது பற்றி ஐ.நா. 2010-ல் கொண்டுவந்த பாங்காக் விதிகளே இதைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதப்பட்டவை. அந்தக் காயத்துக்கு நாம் என்ன செய்கிறோம்?

பண்ருட்டி வக்கீல்:
தோழர், உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் எதிர்க்கிறேன். 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பங்கு, வழக்கில் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். பெண்கள் நூற்றுக்கு நாலு பேர் என்பதால் அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தார் நிற்க ஆள் இல்லாமல் உள்ளேயே கிடக்கும் பெண்களை நான் பார்க்கிறேன். புருஷன் வீடு கைகழுவிவிடும், பிறந்த வீடு வெட்கப்பட்டு ஒதுங்கிவிடும்.

ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவலில் உள்ள பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் நேரம் இருக்கிறதா? ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களைப் பட்டியல் போட்டுப் பின்தொடருங்கள். கதவு திறந்தால் பாதிக் காயம் தானே ஆறும்.

தவளக்குப்பம்:
நான் நேராகவே கேட்கிறேன். எங்கள் தெருவில் சீட்டு நடத்திய பெண்மணி, என் தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய பணத்தோடு ஓடினார். அந்தக் கவலையிலேயே அப்பா படுத்த படுக்கையானார். எங்கள் வீட்டுக்கு யார் வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்? புதுச்சேரி காலாப்பட்டு சிறையில் கைதிகள் விவசாயம் செய்வதைப் பாராட்டினேன், அது உழைப்பு. இது வேறு. ஏமாந்தவன் மனசை யாரும் கேட்காத ஊரில், ஏமாற்றியவர் மனசுக்கு மட்டும் மருந்தா?

கெடிலக்கரை:
தவளக்குப்பம் அண்ணே, உங்கள் வீட்டுக்கு யாரும் வராதது பெரிய தப்பு. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் உள்ளே ஒருத்தி பாடாமல் இருப்பதால் உங்கள் அப்பா எழுந்து நடக்கப் போவதில்லையே.

வக்கீல் சார், ஜாமீனா பாட்டா என்று ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்? ஆயுள் தண்டனை பெற்றவளுக்கு எந்த ஜாமீன் பட்டியல்?

தேவனாம்பட்டினம் அக்கா:
என் அண்ணி ஒரு பெண்கள் சிறையில் இருந்தவர். அவர் அம்மா இறந்தபோது, பரோல் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அடுத்த முறை மனுப் போட்டு நான் அவரைப் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அன்று ராத்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாராம். முதலில் வார்டர் அதட்டியிருக்கிறார். அப்புறம் பக்கத்தில் படுத்திருந்த கிழவி எழுந்து வந்து, தோளில் கை போட்டு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாராம். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்து கடைசியில் எட்டுப் பேர். ஒருத்தி செத்துப்போன பிள்ளைக்கு அழுதாள், ஒருத்தி உயிரோடிருந்தும் பார்க்க வராத பிள்ளைக்கு அழுதாள். அன்றைக்குத்தான் தூங்கினேன் என்றார் அண்ணி.

இழவு வீட்டில் நாம் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்? ஒருத்தர் சாவுக்குப் போய் நம்ம துக்கத்தை அழுதுவிட்டு வருகிறோம். கலை வெளியிலிருந்து வர வேண்டாம், தம்பி. அவர்களிடமே இருக்கிறது. அதைப் பாட ஓர் இடமும், அதட்டாத ஒரு மணி நேரமும் வாங்கிக் கொடுங்கள்.

கூத்துக்காரன்:
விழுப்புரம் பக்கம் கூத்து கட்டுகிறவன் நான். அக்கா சொன்னது உண்மை, அதனால்தான் எனக்குப் பயம். திரௌபதி துகில் உரியும் கட்டத்தில் கூட்டத்துப் பெண்களுக்குச் சாமி வந்துவிடும். அவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சொந்தக்காரி இருக்கிறாள், விபூதி போடப் பூசாரி இருக்கிறார், விடியும்வரை கூட உட்கார ஊரே இருக்கிறது. சிறையில் சாயங்காலமே உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள். நீங்கள் நாலு மணிக்கு ஒருத்தி மனதைக் கிளறிவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். ராத்திரி அவள் பக்கத்தில் யார்? அதற்குப் பதில் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

கெடிலக்கரை:
இதை எங்கள் வட்டத்தில் யாருமே கேட்கவில்லை, அண்ணே. அப்படியானால் காலையிலேயே நடத்த வேண்டும். சிறையின் மனநல ஆலோசகர் கூடவே இருக்க வேண்டும். மூன்று மாதம் வந்துவிட்டு நின்றுபோகிற ஆட்கள் வேண்டாம். துகில் கட்டம் கிடையாது. கேமரா கிடையாது, சிறப்பு விருந்தினர் முன் மேடை ஏற்றுவதும் கிடையாது.

பண்ருட்டி வக்கீல்:
இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘உன் கதையைச் சொல்லம்மா, நாடகமாக்குவோம்’ என்பீர்கள். விசாரணைக் கைதி மனம் விட்டுச் சொல்லிவிடுவாள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சட்டம் அவளுக்கு எதிராக நிரூபிக்க விடாது. உங்களைப் போன்ற தனி நபரிடம் ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கு அரசுத் தரப்பு உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். நோட்டில் எழுதினால் அந்த நோட்டும் ஆவணம்.

தவளக்குப்பம்:
அப்படி ஒருத்தி உண்மையை ஒப்புக்கொண்டால் அதை ஏன் மறைக்க வேண்டும்? பாதிக்கப்பட்டவன் வருஷக் கணக்காகக் காத்திருப்பதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பண்ருட்டி வக்கீல்:
கோர்ட்டில் சொல்லட்டும், வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது சொல்லட்டும். தாளம் போட்டுக் கறக்கக் கூடாது.

தேவனாம்பட்டினம் அக்கா:
ஒப்பாரியில் வழக்கு நம்பர் வராது, வக்கீல் சார்.

பண்ருட்டி வக்கீல்:
சரி அக்கா. அப்படியானால் அனுமதி மனுவில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கைப் பற்றி யாரையும் கேட்க மாட்டோம். யார் வந்தார், வரவில்லை என்பதை நன்னடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர் யாரென்று தெரியவந்தால், அன்றைக்கே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவோம். இந்த மூன்றும் இல்லாமல் மனு போனால், அதை எதிர்த்து நானே சிறைத்துறைக்கு எழுதுவேன்.