புது பிஸ்டலில் கம்பெனி கிரீஸும் எமரால்டு குளிரும்

நீலகிரியில் எமரால்டு பக்கம் எங்களுக்குத் தேயிலையும் கொஞ்சம் காய்கறித் தோட்டமும் இருக்கின்றன. அப்பா காலத்திலிருந்து உரிமத்துடன் ஒரு டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி வீட்டில் உண்டு. கூலிப் பணம் எடுத்துக்கொண்டு இருட்டில் தனியாக வர வேண்டியிருப்பதால் என் உரிமத்தில் ஒரு பிஸ்டலுக்கும் அனுமதி கேட்டேன். அலைச்சலுக்குப் பிறகு கிடைத்தது, 2024 பிப்ரவரியில் புதிதாக ஒரு .32 பிஸ்டல் வாங்கினேன். (காட்டெருமைக்கும் கரடிக்கும் இல்லை. அதற்கு டார்ச்சும் சத்தமும்தான், விலகிப் போக வழியும் விட வேண்டும்.)

வாங்கிய கையோடு சுட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. மார்ச் 16-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது, ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள், பெட்டியோடு கொடுத்துவிட்டேன். ஜூனில் திரும்பக் கையில் வரும்போது இங்கே தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும், அந்த அளவு இல்லாவிட்டாலும் ஜூலை முழுக்கச் சுவரே வியர்க்கும் ஊர் இது.

ஜூலைக் கடைசியில் சுட்டுப் பழகும் கோவை ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். 25 தோட்டாவுக்கு 7 முறை நின்றது. நாலு முறை ஸ்லைடு (பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பகுதி) முழுசாக மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றது. இரண்டு முறை காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு) வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் நிமிர்ந்து மாட்டிக்கொண்டது. ஒரு முறை 'டிக்' என்று சத்தம் மட்டும், தோட்டா வெடிக்கவில்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால் பேரலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருந்து அப்புறம்தான் வெளியே எடுத்தேன். ஆபத்து நேரத்துக்கென்று வாங்கிய பொருள் கால்வாசி நேரம் வேலை செய்யாது என்றால் அது இல்லாமலிருப்பதே மேல் என்று தோன்றி அன்றைக்கு மனசே விட்டுப்போனது.

விசாரித்த ஒரு கடையில், ஸ்லைடை முன்னால் தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டு, தோட்டா ஏறும் சரிவில் லேசாக அரம் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். .32 பிஸ்டல்கள் பெரும்பாலும் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாத அமைப்பு. சுடும்போது ஸ்லைடு சீக்கிரம் திறந்துவிடாமல் தாங்குவது ஸ்லைடின் எடையும் அந்த ஸ்பிரிங்கும்தான். அதை வெட்டினால் ஸ்லைடு பின்னால் வந்து ஃபிரேமில் அறையும், மூடுவதற்கு இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும். எனக்கு இருந்த கோளாறே மூடாததுதானே. அரம் போட்ட இடத்தையோ திரும்ப வளர்க்க முடியாது.

நல்லவேளையாக அருவங்காட்டில் ராணுவத்தில் ஆர்மரராக (துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தெரியும். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மேஜையில் வைத்ததும் அவர் தொடவே இல்லை. "உரிமம் உங்க பேர்லதானே தம்பி, நீங்களே கழற்றுங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றார். முதலில் தோட்டா அடுக்கும் மேகசினை எடுக்கச் சொன்னார், ஸ்லைடை இழுத்து, சுடும்போது தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவியும் பார்க்கச் சொன்னார், தோட்டாப் பெட்டியை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் மறுபடி ஒரு தடவை சேம்பரைப் பார்க்க வைத்தார்.

கழற்றியதும் கேட்டார், "வாங்கினதிலேருந்து இதைச் சுத்தம் பண்ணினீங்களா?"

"மேலே துடைச்சேன் ஐயா, புதுசுதானே."

"புதுசுங்கிறதாலதான் கேக்கறேன்."

பெட்டியில் வரும் பிஸ்டல் மேல் இருக்கும் பசை துரு பிடிக்காமல் இருக்கத் தடவுவது, ஓட விடுவதற்கான எண்ணெய் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்து அது மெழுகு மாதிரி இறுகியிருந்தது. வெள்ளைத் துணியைச் சேம்பருக்குள் விட்டு எடுத்தால் பழுப்பு நிறத்தில் வந்தது. காலி கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பல்குத்தும் குச்சியை விட்டால் பசையும் அதில் ஒட்டிய மெல்லிய இரும்புத் தூளும் சேர்ந்து வந்தன. தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளையிலும் அதுவேதான். நான் குறித்து வைத்திருந்த மூன்று விதக் கோளாறுக்கும் இதிலேயே காரணம் தெரிந்தது: சேம்பரில் பசை இருந்தால் தோட்டா முழுசாக இறங்காது, கொக்கி அழுத்திப் பிடிக்காவிட்டால் காலி கேஸ் நழுவி நிற்கும், ஃபயரிங் பின் பசைக்குள் ஊர்ந்து போனால் அடி பலமாக விழாது.

சுத்தம் செய்ய முழுசாக ஒன்றரை மணி நேரம் ஆனது. துப்பாக்கி சால்வென்ட்டில் நனைத்த பிரஷ்ஷைச் சேம்பர் பக்கத்திலிருந்து பேரலுக்குள் விட்டு, பத்து நிமிடம் ஊற வைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். ஸ்லைடு ஓடும் காடிகளுக்குப் பழைய டூத் பிரஷ். மேகசினையும் அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, உள்ளே காய்ந்த துணியால் துடைத்தேன்.

அப்புறம் எண்ணெய். நான் பாட்டிலைச் சாய்க்கப் போனதும் கையைப் பிடித்துவிட்டார். காடிக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரலின் வெளிப்பக்கம் ஸ்லைடு உரசிப் பளபளக்கும் இடத்தில் விரல் நுனியால் ஒரு பூச்சு, ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹாமரின் அச்சில் குச்சி முனையில் தொட்டு ஒன்று, அவ்வளவுதான். சேம்பர், ஃபயரிங் பின் துளை, மேகசின் உள்பக்கம் இந்த மூன்றும் காய்ந்தே இருக்க வேண்டும். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது. கசிந்து உள்ளே போனால் பிரைமர் (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பிடிக்கும் மருந்து) செத்துவிடும். அதோடு கேஸ் சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கினால் அந்த உதை முழுவதும் ஸ்லைடு மேல் விழும்.

ஆகஸ்டில் மறுபடி கோவை. 30 தோட்டா, 2 முறைதான் நின்றது. இந்த முறை மேகசின்களுக்கு நெயில் பாலிஷால் 1, 2 என்று புள்ளி வைத்திருந்தேன், நின்ற இரண்டும் 2-ம் மேகசின். தோட்டா மேலே ஏறாமல் மூக்கு கீழே குத்தியபடி பூட்டிக்கொண்டது. இது அழுக்கு இல்லை. 1899-ல் வந்த, என் பிஸ்டலில் போடும் இந்த .32 ஏசிபி வகைத் தோட்டாவின் அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்காருகிறதா என்று பார்த்து நிரப்பிய பிறகு அதே மேகசினில் மிச்சமும் ஓடியது. அடுத்த மாதம் 50 தோட்டா, ஒன்றுகூட நிற்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டிசம்பரில் பனி விழ ஆரம்பித்ததும் ஒருநாள் காலை ஆறு மணிக்கு மருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டு ஸ்லைடை விட்டுப் பார்த்தால், ஊர்ந்து போய் மறுபடி அதே மூன்று மில்லிமீட்டரில் நிற்கிறது! மழைக்காலத்தில் துருவுக்குப் பயந்து நவம்பரில் காடிகளில் நல்ல கெட்டியான கிரீஸ் அப்பியிருந்தேன். அருவங்காட்டுக்குப் போன் போட்டேன்.

"உங்க வீட்ல தேங்காய் எண்ணெய் இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"கட்டியாத்தான் ஐயா இருக்கு, வெயில்ல வச்சாத்தான் உருகும்."

"நீங்க போட்ட கிரீஸும் அப்படித்தான் இருக்கும்."

கோவை வெயிலில் ஓடுவதைப் பார்த்துவிட்டு எமரால்டு குளிரிலும் ஓடும் என்று நம்பியது தவறு என்று அப்போது புரிந்தது. கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு லேசான எண்ணெய் மட்டும் போட்டேன், மறுநாள் அதே ஆறு மணிக்கு 'டக்' என்று மூடியது. இப்போது மாதம் ஒரு முறை, வீட்டிலேயே குளிரான நேரத்தில், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு இதைச் செய்து பார்க்கிறேன்.

வைக்கும் விதத்தையும் மாற்றிவிட்டேன். தோல் உறைக்குள் வைத்தே பூட்டி வைத்ததில் ஸ்லைடின் ஒரு பக்கம் கடுகளவு துருப் புள்ளிகள் வந்திருந்தன. தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. இப்போது உறை தனி, பிஸ்டல் தனி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கிறேன். பனியில் வெளியே போய்விட்டுக் கணப்பு மூட்டிய அறைக்குள் வந்தால் மூக்குக் கண்ணாடி மாதிரியே இரும்பும் வியர்த்துவிடும். அந்த ஈரம் உள்ளேயும் கோர்க்கும் என்பதால் தோட்டாவை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்து, அப்புறம்தான் பூட்டுகிறேன்.

கூடலூர், தேவாலா பக்கம் உரிமம் வைத்திருப்பவர்கள் எழுதுங்களேன். எங்களைவிட மழை அதிகம், ஆனால் பனி குறைவு. அங்கே எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை?